தாடகையின் மூக்கு

பூதப்பாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
மணி ஐந்தே முக்கால்.
நேற்று ராத்திரி எட்டரைக்குப் பிறகு
நானும் விஜினும் பேசிக்கொள்ளவில்லை.
டீக்கடைக்காரர் கேட்டார்: “ரெண்டா?”
இரண்டு விரல் காட்டினான்.
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
தனித்தனியாகக் குடித்தோம் கட்டன்சாயா.

வயலுக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள்.
நெற்றி, மூக்கு, முகவாய், அப்புறம் மார்பும் வயிறும்.
ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக்கூட
புரண்டு படுக்காத அரக்கி.
பள்ளிக்கூடத்து ஜன்னலில்
பத்து வருஷம் அவளைப் பார்த்தவன் இவன்.
“ஒருநாள் அவ மூக்குல ஏறி நிக்கணும்”
பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னான்,
என் அம்மா பயந்துபோனாள்.
நான் கடியபட்டணத்துக்காரி.
எங்களுக்கு உயரம் என்றால் கலங்கரை விளக்கம்,
அதற்கும் உள்ளே படி உண்டு.

முள்ளும் அறுகம்புல்லைவிட மோசமான ஏதோ ஒரு புல்லும்
முழங்கால்வரை கிழித்தன.
முன்னால் போனவன் ஒவ்வொரு கிளையையும்
என் முகத்தில் அடிக்காமல் பிடித்து நின்றான்.
பேசாதவனின் அந்த மரியாதை
எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு பாறை.
நேராக, மொட்டையாக, வெயில் ஏறாத சாம்பல் நிறத்தில்.
கயிற்றை உதறினோம்.
அப்பா வள்ளத்தில் போடும் முடிச்சு வேறே,
ஆனாலும் கயிறு என் விரலுக்குத் தெரிந்த பிராணி.
என் முடிச்சை அவன் பார்க்கணும்,
அவன் முடிச்சை நான் பார்க்கணும்.
இது விதி.
தோஹாவைப் பற்றிச் சண்டை போட்ட இரண்டு பேர்
இவ்வளவு கிட்டத்தில் நிற்கக்கூடாது.
அவன் இடுப்பில் நேற்றைய சட்டையின்
கஞ்சி மணம்.

முதலில் நான்.
எடை குறைவு, விரல் நீளம்,
பயமும் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.
“விடு” என்றேன். விட்டான்.
“விடு.”
“நில்லு.”
பத்து மணி நேரத்தில் நான் அவனிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்.
கன்னத்தைப் பாறையில் வைத்தபோது
அது ராத்திரியை இன்னும் வைத்திருந்தது, சில்லென்று.
ஒரு விரிசலில் இரண்டு விரல் போனது.
கீழே பார்க்கவில்லை.
கயிறு இடுப்பிலிருந்து கீழ்நோக்கி
மெதுவாக உயிரோடிருந்தது,
அதனால் அவன் இருந்தான்.

மேலே போய் உட்கார்ந்து
மரத்தில் கட்டி, பாறையில் கட்டி, இன்னொரு தடவை கட்டி
“வா” என்றேன்.
இப்போது அவன் முறை.
தலை தெரியவில்லை. கயிறு மட்டும் வந்தது,
சாண் சாணாக.
“இழு.”
இழுத்தேன்.
“இழு, லிஜி.”

ஈரம் கசிந்த கறுப்புத் தடத்தில்
கால் வழுக்கியிருக்கணும்.
சத்தமே இல்லை, ஒரு உலுக்கல்.
அறுபத்தெட்டு கிலோ,
அதோடு வீட்டுக்கடன், அக்காவின் கல்யாணம்,
இன்னும் முத்திரை குத்தாத அந்த விசா,
மொத்தமும் என் இடுப்பில் வந்து தொங்கின.
பிடித்திருந்தேன்.
கயிறு பிடித்தது என்றுதான் சொல்லணும்,
நானும் அங்கே இருந்தேன்.

அவன் வந்து சேர்ந்தபோது
முழங்கையில் தோல் இல்லை.
மூக்கின்மேல் நின்றால் மூக்கு தெரியாது என்பது
அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.
வெறும் பாறை, ஆட்டுப் புழுக்கை,
யாரோ விட்டுப்போன பிஸ்கட் கவர்.
கீழே குளங்கள். வாழை. காற்றாலைகள்.
தெற்கே ஒரு வெள்ளைக் கோடு.
அது கடல் என்று நான் சொன்னேன்,
மேகம் என்று அவன்.
மட்டிப்பழம் நசுங்கியிருந்தது,
தோலோடு வழித்துத் தின்றோம்.
தோஹா பற்றி அவன் எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு.
இறச்சகுளம் தாண்டியதும் கேட்டான்:
“இழுன்னு சொன்னப்ப
வேணும்னே கொஞ்சம் லேட்டாதானே இழுத்தே?”
“ஆமா.”
“எந்த இழு?”
“ரெண்டாவது இழு இல்ல. முதல்ல சொன்னது.
அதுல என் பேரு இல்ல.”